அழகரைத் தெரியாத ஊர்

அந்த வருஷம் கொடிக்கால்பட்டியில் ராமுத்தாயை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. வாய்க்காலில் கண்டாலும் சரி, களத்துமேட்டில் கண்டாலும் சரி, எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான். மார்க்கு வந்துவிட்டதா?

சித்தையன்கோட்டைக்குத் தெற்கே வாய்க்காலை ஒட்டி ஒரு கைப்பிடி வீடுகள், அதுதான் கொடிக்கால்பட்டி. அதில் கடைசி வீடு ராமுத்தாயுடையது. கத்தரியும் வெங்காயமும் போட்டு, காய் பறித்துக் கூடையில் சுமந்து விற்று, ஒற்றை மகன் அழகரை பி.எல். வரைக்கும் படிக்க வைத்தவள். எப்படி முடிந்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அழகர் இப்போது திண்டுக்கல்லில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியர். சனிக்கிழமை சாயங்காலம் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குவான், திங்கள் விடியக் கிளம்பிவிடுவான்.

தை பிறக்கும் முன்பே அவன் மதராசுக்குப் போய் முன்சீப் வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்தான். முன்சீப் வேலைக்கு மதராஸ் எதற்கு, நம்மூர் கிராம முன்சீப் எந்தப் பரீட்சை எழுதினார் என்று ஊரில் எல்லாருக்கும் சந்தேகம். அவர் வரி வசூலிக்கிற முன்சீப், இது கோர்ட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிற முன்சீப் என்று அழகர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கி ஓய்ந்தான். பங்குனியில் நேரில் கேள்வி கேட்கக் கூப்பிட்டார்கள். அதற்கும் போய்வந்தான். எழுதினதற்கு ஒரு மார்க், பேசினதற்கு ஒரு மார்க், இரண்டையும் கூட்டி, மேலே இருக்கிறவர்களை மட்டும் எடுப்பார்கள் என்றான். வயது வரம்பு தாண்டப் போவதால் அவனுக்கு இதுதான் கடைசித் தடவை. ராமுத்தாய்க்குக் கூட்டல் புரிந்ததோ இல்லையோ, கடைசித் தடவை என்பது நன்றாகப் புரிந்தது.

அதற்கப்புறம் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தபால்காரர் மணியடித்தால் கத்தரிச் செடி நடுவே நிமிர்ந்து நிற்பாள். கோழி தவறான நேரத்தில் கூவினாலும் மார்க்கு வருகிறதோ என்று தோன்றும். பக்கத்து வீட்டு மாயம்மாள் அவளுக்குக் கூட்டாளி, சண்டைக்காரி, எல்லாம். ஏன் இப்படித் தவிக்கிறாய் என்று கேட்ட அந்த மாயம்மாள்தான் தினமும் காலையில் முதல் ஆளாக வந்து விசாரித்தாள்.

ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்த ஆள் வந்தார். வாடகை சைக்கிள். வெள்ளைச் சட்டை, வேட்டி. ஆனால் தலையில் ஒட்ட வெட்டின கிராப்பு, காலில் பூட்சு, முறுக்கின மீசை. சட்டையை மாற்றினால் போலீஸ்காரர் மறைந்துவிடுவார் என்று யார்தான் அவருக்குச் சொன்னார்களோ. வாய்க்கால் பாலத்தில் அவர் தலை தெரிந்தபோதே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

சைக்கிளை நிறுத்திவிட்டு, முதலில் கண்ணில் பட்ட ராமுத்தாயிடம் கேட்டார்.

"ஏம்மா, உடையப்பன் மகன் அழகர்னு வக்கீலுக்குப் படிச்சவர், இந்த ஊர்தானே?"

ராமுத்தாய் இடுப்புக் கூடையை இறக்கவுமில்லை, யோசிக்கவுமில்லை.

"அப்படி யாரும் இந்த ஊர்ல இல்லைங்கய்யா."

பெற்ற பிள்ளையை இப்படி ஒரு வாயில் இல்லையென்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அழகர் சின்னப் பையனாக இருந்தபோது வாய்க்கால் தண்ணீருக்காக மேலூர்க்காரர்களுடன் ஒரு அடிதடி நடந்தது. மறுநாள் ஒரு போலீஸ்காரர் வந்து உடையப்பன் வீடு இதுதானா என்று கேட்டார். ஆமாங்கய்யா, உள்ளேதான் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார் என்று ராமுத்தாய் வெள்ளை மனதோடு சொன்னாள். அடிதடிக்குப் போனவன் வேறு உடையப்பன். இவள் புருஷன் அன்றைக்குக் கொடைரோட்டில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். அதை யாரும் கேட்கவில்லை. கஞ்சிக் கலயத்தோடு எழுந்தவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் கோர்ட்டு விடுதலை செய்தது. ஆனால் சப்ஜெயில் தரையில் பிடித்த இருமல் அவனை விடவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவன் இல்லை.

உண்மையைச் சொன்னது தன் வாய்தான் என்பதை ராமுத்தாய் ஒருநாளும் மறந்ததில்லை. ஊரும் மறக்கவில்லை. அதிலிருந்து கொடிக்கால்பட்டியில் ஒரு பழக்கம் வந்தது. போலீஸ் வந்து யாரையாவது பெயர் சொல்லிக் கேட்டால், முதலில் கேட்கப்பட்டவர் என்ன சொல்கிறாரோ அதுதான் ஊரின் பதில். மற்றவர்கள் மாற்றிச் சொல்வதில்லை. கூடக் குறையவும் சொல்வதில்லை.

ஆகவே அந்த மனிதர் களத்துமேட்டில் கேட்டார், அப்படி ஆள் இல்லை என்றார்கள். மாயம்மாளிடம் கேட்டார், அழகரா, அழகர்கோயில்தான் தெரியும், அதற்கு மதுரைக்கல்லவா போகணும் என்று வழி சொன்னாள். கோலி விளையாடிய பிள்ளைகள்கூடத் தலையை ஆட்டின. அவர் மீசையைத் தடவிக்கொண்டு ஊரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ராமுத்தாய்க்கு மனசு குளிர்ந்தது. இந்தத் தடவை ஏமாறவில்லை. ஏதோ வம்பு, வக்கீல் தொழிலில் யாரோ பகையாகிவிட்டான், சனிக்கிழமை பிள்ளை வந்ததும் எச்சரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, கூடையைத் தலையில் ஏற்றிச் சித்தையன்கோட்டைக்கு நடந்தாள்.

அங்கே அரிசிக்கடை அக்பர் அலி அவளுக்கு வாடிக்கை. நல்ல மனுஷன், ஆனால் ஒரு கதையைப் பாதியில் விடமாட்டார், பிறர் கதையையும் பாதியில் விடமாட்டார். கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டார். ராமுத்தாய் கொஞ்சம் பெருமையாகவே எல்லாவற்றையும் சொன்னாள். பூட்சை வைத்தே கண்டுபிடித்ததையும் விடவில்லை.

அக்பர் அலி கத்தரிக்காயைக் கீழே வைத்தார்.

"ஏம்மா தங்கச்சி, வந்தவர் பிடிக்கணும்னு கேட்டாரா, இல்ல, ஆள் எப்படின்னு கேட்டாரா?"

"அதுக்கெல்லாம் நான் எங்கண்ணே இடம் குடுத்தேன்?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். தன் மச்சானுக்கு சர்க்கார் வேலை கிடைத்தபோதும் இதே மாதிரி ஒரு ஆள் வந்தாராம். வேலைக்குத் தேறினவன் நல்லவனா, குடும்பம் எப்படி, கேஸ் கீஸ் உண்டா என்று சொந்த ஊரில் விசாரித்து எழுதிக்கொண்டு போனாராம். தேறாதவனைப் பற்றி விசாரிக்க சர்க்காருக்கு என்ன வேலை வெட்டி இல்லையா என்று கேட்டார்.

"உம் மகனுக்கு மார்க்கு வந்துருச்சு தாயி. வீடு தேடி வந்த மார்க்க நீதான் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டே."

ராமுத்தாய்க்குக் காது அடைத்தது. ஒரு பக்கம் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வருகிறது, இன்னொரு பக்கம் காலையில் சொன்ன பொய் மிரட்டுகிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படி ஓர் ஆளே ஊரில் இல்லை என்று அந்த மனிதர் எழுதிக் கொடுத்துவிட்டால்? பொய் விலாசம் கொடுத்தவன் என்று அழகரைத் தள்ளிவிட்டால்? கடைசித் தடவை என்றானே.

எந்தப் பக்கம் போனார் என்று அக்பர் அலி கேட்டார். வாடகை சைக்கிள் என்றதும், அப்படியானால் செம்பட்டியில் எடுத்தது, அங்கேதான் திருப்பிக் கொடுத்துவிட்டு திண்டுக்கல் பஸ் பிடிப்பார் என்று கணக்குப் போட்டார். கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குதிரை வண்டியைப் பூட்டினார்.

அக்பர் அலியின் குதிரை அரிசி மூட்டைக்குப் பழகினது. வேகம் என்றால் என்னவென்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எதிர்க்காற்றில் மண் கண்ணில் அடித்தது. அவர் அதட்டினார், கொஞ்சினார், அதன் தாயைப் பற்றிக் குறைவாகப் பேசினார். ராமுத்தாய் காலிக்கூடையை மடியில் இறுக்கிக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டு, கூடவே பஸ்காரனையும் வேண்டிக்கொண்டாள். செத்த நேரம் நில்லப்பா, செத்த நேரம்.

செம்பட்டி முக்குக்கு வண்டி வந்தபோது பஸ் கிளம்பி அசைந்துவிட்டது. ஜன்னல் ஓரத்தில் அந்த மீசை தெரிந்தது. ராமுத்தாய் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தாள். அவ்வளவு வயசுக்கு அவள் அப்படிக் குதித்ததை அக்பர் அலி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பஸ்ஸுக்கு முன்னால் கூடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரைவர் வைத வசவு ஒன்றும் அவள் காதில் விழவில்லை.

"ஐயா, அழகர் எம் மகன்தேன். நான் பெத்த மகன். காலையில சொன்னது பொய்யி."

பஸ் முழுவதும் எட்டிப் பார்த்தது. அந்த மனிதர் இறங்கி வந்தார். பெயர் சூசைமாணிக்கம், ஏட்டு. கோபிப்பார் என்று அவள் நினைத்தாள். அவரோ மீசைக்குள் சிரித்தார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு ஊர் முழுக்க ஒரே வார்த்தையைச் சொல்லிக் கேட்டதில்லை, அதனாலேயே சந்தேகப்பட்டேன் என்றார். பொய் சொல்கிற ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்களாம், உண்மை சொல்கிற ஊரிலும் ஆளுக்கு ஒன்று சொல்வார்களாம். சரி, இன்னொரு தடவை கேட்டுவிடலாம் என்று குதிரை வண்டியில் ஏறிக்கொண்டார்.

பாலம் தாண்டி வண்டி ஊருக்குள் நுழைந்ததை மாயம்மாள்தான் முதலில் பார்த்தாள். முன்னால் அக்பர் அலி, நடுவில் பூட்சுக் கால், பின்னால் தலை கலைந்து புழுதி அப்பிய முகத்தோடு ராமுத்தாய். கூட்டாளியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. ஏட்டு வண்டியிலிருந்து தலையை நீட்டி, இந்த அம்மா ராமுத்தாய் இந்த ஊர்தானே என்று கேட்டார்.

மாயம்மாள் ராமுத்தாயின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ராமுத்தாயா? அப்படி யாரும் இந்த ஊர்ல இல்லைங்கய்யா."

களத்துமேட்டிலிருந்து வந்த நாலு பேரும் அவசரமாகத் தலையை ஆட்டினார்கள். இந்த அம்மாவை இதற்கு முன்பு பார்த்ததே இல்லை என்று ஒரு பெரியவர் சத்தியம் செய்யவும் தயாராக இருந்தார். அக்பர் அலி சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டது. ராமுத்தாய்க்கு வந்ததோ அழுகை. தன்னை இல்லையென்று சொல்லவும் ஒரு ஊர் இருக்கிறதே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அடியே மாயி, போதும்டி. ஐயா கெடுதலுக்கு வரலை. அழகரு தேறிட்டான், அதுக்குத்தேன் வந்திருக்காரு."

நான் அப்படிச் சொல்லவில்லையே என்று ஏட்டு பதறிப்போய் மறுத்தார். இது ரகசிய விசாரணையாம். பஸ்ஸை மறித்து, குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஊரைக் கூட்டி நடக்கிற ரகசியம். அதற்குள் யாரோ கட்டில் கொண்டுவந்து போட்டாயிற்று, மாயம்மாள் மோருக்கு ஓடிவிட்டாள்.

ஏட்டு கேள்வி கேட்கத் தொடங்கினார். பையன் எப்படி, குடிப்பானா, சீட்டாடுவானா, யாருடனாவது சண்டையா. ராமுத்தாய் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஊர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னது. பிறகு அவர் பென்சிலை நிறுத்தி, குடும்பத்தில் யார் பேரிலாவது போலீஸ் கேஸ் உண்டா என்று கேட்டார்.

கட்டிலைச் சுற்றி நின்ற எல்லார் கண்ணும் ராமுத்தாயின் வாயில் இருந்தது. இல்லை என்று அவள் சொன்னால் போதும், கொடிக்கால்பட்டியில் ஒரு உயிர் மாற்றிச் சொல்லாது. உண்டு என்றால் அந்தக் காகிதத்தில் என்ன ஆகுமோ. ஒரு தடவை போலீஸிடம் உண்மையைச் சொல்லிப் புருஷனைப் பறிகொடுத்தவள், இரண்டாவது தடவை சொல்லிப் பிள்ளையின் வேலையையும் பறிகொடுப்பதா? ஆனால் தீர்ப்புச் சொல்லப் போகிற பிள்ளைக்கு அடியில் தன் பொய் கிடக்கும் என்று நினைத்தபோது, அது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

"உண்டுங்கய்யா. எம் புருசன் உடையப்பன பிடிச்சுக்கிட்டுப் போனாக. அவர் செய்யலை. வேற உடையப்பன். கோர்ட்டுல விட்டுட்டாக. வந்து செத்துப்போனாரு."

ஏட்டு எழுதவில்லை. அவளையே பார்த்தார். அப்புறம் மோர்ச் செம்போடு நின்ற மாயம்மாளைப் பார்த்தார்.

"உண்டுங்கய்யா," என்றாள் மாயம்மாள். "அவர் செய்யலை."

களத்துமேட்டுக்காரர்கள் சொன்னார்கள், செய்யலைங்கய்யா. சத்தியம் செய்யத் தயாராக இருந்த பெரியவர், அன்றைக்கு உடையப்பனோடு கொடைரோட்டில் மூட்டை ஏற்றியது தான்தான் என்றார். இத்தனை வருஷம் யாரும் தன்னைக் கேட்கவில்லை என்று சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சூசைமாணிக்கம் குனிந்து எழுதினார். நெடுநேரம் எழுதினார். போகும்போது ராமுத்தாயைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை வந்த அழகர் கதையைக் கேட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விசாரணைக்கு ஆள் வரும் என்று பெரிய வக்கீலிடம் சொல்லி வைத்தவன், குடியிருந்த வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்தவன், பெற்ற தாயிடம் மட்டும் சொல்லவில்லை. உன் மகனைத் தெரியுமா என்று தாயிடம் கேட்டால் தெரியும் என்றுதானே சொல்வாள் என்று நம்பிவிட்டான் படித்த பிள்ளை. கோபித்துக்கொள்வான் என்று அவள் பயந்தாள். அவன் கேட்டது வேறு.

"அப்பா கேஸை ஏம்மா சொன்ன? இல்லைன்னே இருக்கலாமே?"

"அந்த ஏட்டையா திரும்பி வந்து ரெண்டாந்தடவ கேட்டாரு, அப்பு. உங்கப்பன் விசயத்துல ஒருத்தரும் ரெண்டாந்தடவ கேக்கல."

அழகர் எழுந்தான். வெளியே போய் வாய்க்கால் பக்கம் நின்றுவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் காத்திருப்பு. முன்பு மார்க்கு வருமா என்று தவித்தாள், இப்போது வந்த மார்க்கைத் தானே கெடுத்துவிட்டேனோ என்று தவித்தாள். கூட இருந்து மாயம்மாளும் தவித்தாள். தபால்காரர் அந்தப் பக்கம் வருவதற்கே அஞ்சினார்.

ஆவணியில் சனிக்கிழமை அல்லாத ஒருநாள், உச்சி வெயிலில், அழகர் பாலத்தின் மேல் ஓடி வந்தான். கறுப்புக் கோட்டை மடிக்கக்கூட இல்லை, அது தோளில் கிடந்து பறந்தது. கையில் பத்திரிகை. தேறினவர்களின் நம்பர் வரிசையில் அவன் நம்பர் இருந்தது. ராமுத்தாய்க்குப் படிக்கத் தெரியாது. அவன் விரல் வைத்த இடத்தில் தானும் விரலை வைத்துப் பார்த்தாள். அந்த இடத்தை விட்டு விரலை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. மாயம்மாள் போட்ட குலவையில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மேலூர்க்காரர்களும் ஓடி வந்துவிட்டார்கள். எத்தனை மார்க்கு என்று எல்லாரும் கேட்டார்கள். அதில் போடவில்லை என்று அழகர் சொன்னதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. சாயங்காலத்துக்குள் நூற்றுக்கு நூற்றுப்பத்து என்று ஊரே முடிவு செய்துவிட்டது. அக்பர் அலி ஒரு மூட்டை அரிசியை இறக்கினார். அன்று ராத்திரி கொடிக்கால்பட்டியில் ஒரு வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கவில்லை, எல்லாருக்கும் கடைசி வீட்டில்தான் சாப்பாடு.

அழகர் வேறு ஜில்லாவில் முன்சீப்பாகி ஒன்றிரண்டு வருஷம் கழித்து, ராமுத்தாய் அவனைப் பார்க்கப் போயிருந்தாள். கோர்ட்டைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து, புதுச்சேலை கட்டிக்கொண்டு, பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தாள். மகன் உயரத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று அவளுக்கும் தெரியும்.

கூண்டில் ஒரு பெண் வந்து நின்றாள். கூலிக்காரி, முந்தானையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தாள். நிலத்தகராறு. அந்த வரப்பை வெட்டினது யார் என்று தெரியுமா என்று வக்கீல் கேட்டார்.

"தெரியாதுங்க."

ராமுத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தத் தெரியாது என்ன தெரியாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? வக்கீல் அடுத்த கேள்விக்குப் போகக் காகிதத்தைப் புரட்டினார். ராமுத்தாய் பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து கத்திவிடுவோமோ என்று அவளுக்கே பயம் வந்தது.

அழகர் கையைக் காட்டி வக்கீலை நிறுத்தினான். எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தான். அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினான்.

"பயப்படாதீங்கம்மா. இங்க உங்கள யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. இன்னொரு தடவ கேக்குறேன். அந்த வரப்ப வெட்டினது யாருன்னு தெரியுமா?"

அவள் முந்தானையை விட்டாள்.

"தெரியும்ங்கய்யா."

பின்வரிசையில் யாரோ விசும்புகிற சத்தம் கேட்டு, கோர்ட்டுச் சேவகனான டவாலி திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்து மிரட்டினான். ராமுத்தாய் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, சரிங்கய்யா என்று தலையை ஆட்டினாள்.